ஹபர்ட் பார்த்துக்கொடுத்த முறை

பீஸ்லி துறை, அயோவா
4 அக்டோபர் 1874

அன்புள்ள தம்பி ஆரினுக்கு,

அக்கா லவீனியா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி மட்டும் குளிருக்கு முன்னாலேயே ஆஜராகிவிட்டது. உன் உடம்பு எப்படி, நெப்ராஸ்காக் காற்று ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. உன் இரண்டு எருதுகளின் சுகத்தையும் சேர்த்து எழுது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் ஊர் நகரப் போகிறது. கிண்டல் இல்லை. ரயில்காரர்கள் பாதைக்கு நிலம் கேட்டு வந்தபோது நம் பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். மாவு ஆலை நம்மிடம் இருக்கிறது, ஆற்றைக் கடக்கும் துறை நம்மிடம் இருக்கிறது, ரயில் எங்கே போய்விடும் என்று மார்தட்டிக்கொண்டு ஆகாச விலை சொன்னார்கள். ரயில் எங்கேயும் போய்விடவில்லை. வடக்கே ஒன்றரை மைல் தள்ளி, ஒரு மனிதப்பிறவிகூடக் குடியில்லாத புல்வெளியில் போய் நின்றுகொண்டது. நிலையத்துக்கு ‘க்ளாரிபெல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரயில் அதிகாரி ஒருவரின் மகள் பெயராம். முப்பது வருஷமாகத் துறை நடத்திய கிழவர் பீஸ்லியின் பெயர் போய், பல் முளைக்காத ஒரு குழந்தையின் பெயரில் இனி நாம் குடியிருக்க வேண்டும்.

ரயில் ஊருக்கு வராததால் ஊர் ரயிலுக்குப் போகிறது. புதிதாகக் கட்ட மரத்துக்கு எங்கே போவது? அதனால் வீடுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போவதாக முடிவு. பனி இறுகியதும் வீட்டை நெம்பி உயர்த்தி, அடியில் சறுக்குக்கட்டை கொடுத்து, இருபது ஜோடி எருதுகளைப் பூட்டி இழுப்பார்கள். கூலி கிடையாது. நீ என் வீட்டை இழு, நான் உன் வீட்டை இழுக்கிறேன் என்பதுதான் கணக்கு. எவன் ஆளும் எருதுமாக மற்றவர்களுக்கு உழைக்கிறானோ அவன் வீட்டுக்கு முறை வரும். முறை பார்ப்பது பெரிய வீட்டு எஸ்ரா ஹபர்ட். வேறு யார் பார்ப்பார்கள்!

எனக்குப் புதுத் தெருவில் கடைக்குப் பக்கத்து மனையை ஒதுக்கியிருக்கிறார்கள். தொப்பி தைத்து விற்பவளுக்கு அதைவிட நல்ல இடம் வாய்க்காது. ஆனால் ஏப்ரலுக்குள் வீடு அங்கே போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மனை கைமாறும். டுபுக் நகரத்திலிருந்து ஒரு தொப்பிக்காரி இப்போதே வந்து காலால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் போரில் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. எனக்கென்று இருக்கும் ஆண்பிள்ளை நீ ஒருவன்தான். போன தடவை நீ வண்டி ஏறும்போது, பசித்த வயிறோடு திரும்பி வருவாய் பார் என்று நான் கேலி செய்ததற்கு, வந்தால் ஜோடி எருதோடுதான் வருவேன் என்று முறைத்துக்கொண்டு போனாய். சரி, இப்போது அந்த எருதுகளை ஓட்டிக்கொண்டு வா. டிசம்பருக்குள் வந்து சேர். அங்கே வெட்டுக்கிளி இறங்கியதாகப் பத்திரிகையில் படித்தேன். உன் பக்கம் எப்படி என்றும் எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா லவீனியா


வில்லோ ஓடை, நெப்ராஸ்கா
2 நவம்பர் 1874

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆரின் வணக்கம். நான் நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுச் சூடான துணியால் கட்டு.

ஊர் நகரும் செய்தியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து நிலத்து ட்வெய்ட் குடும்பம் நார்வேக்காரர்கள், நாலு பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்கு உன் கடிதத்தைக் கொண்டுபோய் உரக்கப் படித்தேன். வீடு எப்படி நடக்கும் என்று சின்னப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் எருதுபோல இழுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

வெட்டுக்கிளி வந்தது உண்மைதான். பத்திரிகைக்காரர்கள் ஒன்றுக்குப் பத்தாக எழுதுவார்கள். வந்தன, கொஞ்சம் மேய்ந்தன, போய்விட்டன. வியர்வை உப்புக்காக என் மண்வெட்டிக் காம்பைக்கூடக் கடித்துப் பார்த்தன என்றால் அவற்றின் ரசனையைப் பார்த்துக்கொள். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் பிழைத்தது.

இங்கே வேலை நிறைய இருக்கிறது. குளிருக்குள் மண்வீட்டின் கூரையைச் சரிசெய்தாக வேண்டும். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒன்று கேட்க மறந்தேன். வீடு இழுக்க வரும் அத்தனை பேருக்கும் யார் சமைப்பது? என்ன சமைப்பார்கள்? விவரமாக எழுது.

அன்புடன்,
ஆரின்


பீஸ்லி துறை
21 நவம்பர் 1874

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் என்று அறிந்து சந்தோஷம். நான் சுகம். முழங்கால் உன் வைத்தியத்துக்கு மசியவில்லை.

நான் கேட்டது எருது. நீ எழுதியது மண்வெட்டிக் காம்பு. போகட்டும், கூரை வேலை முடியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இங்கே தொடங்கிவிட்டார்கள். முதலில் கொல்லர் கிலெட்டின் பட்டறை போயிற்று. அடுத்தது டட்டிலின் கடை. டட்டில் இருக்கிறாரே, இடம் நகரும் நாளில்கூடக் கடையை மூட மனம் வரவில்லை அவருக்கு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வியாபாரம் நடந்தது. கிலெட்டின் மனைவி ஓடும் கடையில் ஏறிச் சர்க்கரை வாங்கிக்கொண்டு, இறங்கும்போது பனியில் சர்க்கரையோடு விழுந்தாள். கடை இரண்டு நாள் நடுவழியில் இருந்தது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டே இருந்தது. பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க நேரம் எங்கே? நாற்பது ஆண்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். என் வீட்டு அடுப்புதான் பெரியது என்று எல்லாப் பெண்களும் இங்கே வந்துவிட்டார்கள்.

என்ன சமைத்தோம் என்று கேட்டாயே. பன்றி இறைச்சியும் வெல்லப்பாகும் போட்டு இரவு முழுக்க அடுப்பில் வைத்த பீன்ஸ் மூன்று அண்டா. கோழியைக் குழைய வேகவைத்து, அந்தக் குழம்பிலேயே மாவு உருண்டைகளைப் போட்டுப் பொங்க விட்டது. சோள ரொட்டி. கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டு, மாவுக்குள் காய்ந்த ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. டட்டில் மூன்று துண்டு தின்றுவிட்டு இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். அவர் கடை நகர்ந்ததை விட அதுதான் அதிசயம்.

தபால் நிலையமும் டட்டில் கடையோடு போய்விட்டது. இந்தக் கடிதத்தைப் போட நான் ஒன்றரை மைல் பனியில் நடக்கிறேன். இந்த முழங்காலோடு நடக்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுது. எருதுகள் எப்படி இருக்கின்றன? எப்போது கிளம்புகிறாய்?

அக்கா


வில்லோ ஓடை
16 டிசம்பர் 1874

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், பனியால் தபால் வண்டி வாரக்கணக்கில் வரவில்லை.

டட்டில் கடைக் கதையை ட்வெய்ட் வீட்டில் மூன்று முறை படித்தாகிவிட்டது. சர்க்கரை விழுந்த இடத்தில் சின்னப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது அதைப் பொறுக்கி எடுத்தார்களா என்று கேட்கிறாள். எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தானே?

இங்கே விறகு இல்லை. புல்லை முறுக்கி முறுக்கி எரிக்கிறோம். ஒரு கை முறுக்க ஒரு கை அடுப்பில் போட என்று பொழுது போகிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா, அந்தக் கோழிக் குழம்பில் மாவு உருண்டையைப் போட்ட பிறகு மூடியைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள், நினைவிருக்கிறதா? நீ திறந்து பார்ப்பாயா மாட்டாயா? உருண்டையில் வெண்ணெய் சேர்த்தாயா, கொழுப்பா? கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யப்போகிறாய் என்றும் எழுது. சுருக்கி எழுதாதே.

எருது விஷயம் நேரில் பேச வேண்டியது. ஆனால் வழியெல்லாம் பனி.

அன்புடன்,
ஆரின்


பீஸ்லி துறை
30 டிசம்பர் 1874

தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், மாவு உருண்டையைப் பற்றி இவ்வளவு யோசிக்க நேரம் இருக்கிறது என்றால்!

எனக்கு வயிறு எரிகிறது ஆரின். நேற்று ஹபர்ட் வீட்டுக்குப் போய் என் முறை எப்போது என்று கேட்டேன். அவர் வாசலில் நின்று புகையிலைக் குழாயைத் தட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“லவீனியாம்மா, உங்க வீட்டுலேருந்து ஒரு ஆள் வரலை, ஒரு எருது வரலை. முறை எப்படிம்மா வரும்?”

ஒன்பது வீடு நகர்ந்திருக்கிறது, ஒன்பதுக்கும் நான் சமைத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். அதற்கு அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பாகச் சிரித்தார்.

“சமையல் எப்பவும் நடக்கிறதுதானம்மா. அதை யாராவது வேலைன்னு சேர்ப்பாங்களா? தம்பியை வரச் சொல்லுங்க, மறுநாளே இழுத்துடலாம்.”

அவர் தின்ற ஆப்பிள் பை எல்லாம் அவர் வயிற்றில் கல்லாகக் கிடக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வெளியே சொல்ல முடியவில்லை. அவர் தயவு வேண்டியிருக்கிறதே.

தேவாலயமும் போய்விட்டது. கோபுரத்தை அறுத்துத் தனியாகக் கொண்டுபோனார்கள். புது இடத்தில் மாட்டும்போது சற்றுச் சாய்ந்துவிட்டது. சாய்ந்ததற்குக் காரணம் நீதான், இல்லை நீதான் என்று இரண்டு கட்சி. ஒரு கட்சி அந்தப் பக்க வாசல் வழியாகவும் மறு கட்சி இந்தப் பக்க வாசல் வழியாகவும் ஜெபத்துக்குப் போகிறார்கள். இந்த மாதிரி ஆட்களிடம்தான் நான் நியாயம் கேட்டு நிற்கிறேன்.

இப்போது இங்கே மிச்சம் மூன்று வீடு. என் வீடு, ஹபர்டின் பெரிய வீடு, மாவு ஆலையை ஒட்டிய ஆளில்லாத வீடு. மற்ற இடமெல்லாம் வெறும் பள்ளம். சாயங்காலம் ஜன்னலில் நின்றால் ஹபர்ட் வீட்டைத் தவிர ஒரு விளக்கு தெரிவதில்லை. இந்த மாதம் ஒரு தொப்பிகூட விற்கவில்லை. தொப்பி வாங்க யார் பனியில் ஒன்றரை மைல் வருவார்கள்?

கிறிஸ்துமஸுக்கு வாத்து வறுத்தேன். வெங்காயமும் ரொட்டித் துண்டும் உள்ளே வைத்து. தனியாகத் தின்ன மனம் வராமல் பாதியை ஹபர்டின் மனைவி அடலினுக்குக் கொடுத்தனுப்பினேன். போதுமா, எழுதிவிட்டேனா?

எருதுகளை ஓட்டிக்கொண்டு வா. வர முடியாது என்றால் முடியாது என்று எழுது. இரண்டில் ஒன்று எழுத எவ்வளவு மை வேண்டும்?

லவீனியா


பீஸ்லி துறை
20 ஜனவரி 1875

ஆரினுக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான்கு முறை தபாலுக்கு நடந்து வெறுங்கையோடு திரும்பினேன். டட்டில் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

டுபுக் தொப்பிக்காரி மறுபடி வந்து போனாளாம். எத்தனை ஜன்னல் வைக்கலாம் என்று கிலெட்டிடம் யோசனை கேட்டாளாம்.

எருதுகளோடு வா. இல்லாவிட்டால் எருதுகளை மட்டுமாவது யார் கையிலாவது அனுப்பு.

அக்கா


வில்லோ ஓடை
27 ஜனவரி 1875

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டிசம்பர் கடைசியில் நீ எழுதியது நேற்றுத்தான் வந்தது. ஹபர்ட் சொன்னதைப் படித்துக் கோபம் வந்தது. நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் குழாயைப் பிடுங்கி ஆற்றில் போட்டிருப்பேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்குக் குளிர் காரணம். மை உறைந்துவிடுகிறது. படுத்தபடி எழுதுகிறேன், அடுப்புக்குப் பக்கம் அதுதான் வசதி.

வாத்தை நீ பாதி கொடுத்துவிட்டாயே என்று ட்வெய்ட் வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். மீதிப் பாதியை எத்தனை நாள் வைத்துச் சாப்பிட்டாய்? எலும்பை என்ன செய்தாய், சூப்பு வைத்தாயா? சூப்பில் பார்லி போட்டாயா?

என்னால் உனக்கு உதவி இல்லாமல் போகிறது அக்கா. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. கோபித்துக்கொண்டு எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆரின்


பீஸ்லி துறை
11 பிப்ரவரி 1875

ஆரினுக்கு,

சுகமாக இருக்கிறேன். இத்தனை நாளில் முதல் முறையாக உண்மையாகவே சுகமாக இருக்கிறேன்.

வாத்து எலும்பைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுதப்போவதில்லை. ஊரே என்னைப் பள்ளத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது, என் கூடப்பிறந்தவன் சூப்பில் பார்லி போட்டாயா என்று விசாரிக்கிறான். கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை ஹபர்டின் பெரிய வீட்டுக்கு முறை. வழக்கம்போல விடியும் முன் பெண்கள் எல்லாம் என் வீட்டுக்கு வந்தார்கள். இன்றைக்கு நான் அடுப்புப் பற்றவைக்கப்போவதில்லை என்று சொன்னேன். சமையல் வேலையில் சேராது என்று ஹபர்ட் சொல்லியிருக்கிறார், சேராத வேலையை எதற்குச் செய்ய வேண்டும் என்றேன். கிலெட்டின் மனைவி கையிலிருந்த கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கோழியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒருத்தி உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக உள்ளே வந்தது யார் தெரியுமா? அடலின். ஹபர்டின் சொந்த மனைவி. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

மத்தியானம் நாற்பது பேரும் பெரிய வீட்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார்கள். மேஜையில் ஒன்றும் இல்லை. ஹபர்ட் கதவைத் திறந்து, தன் மனைவி காலுறை பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சமையல் ஆகவில்லையா என்று கேட்டார். அடலின் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“அது வேலையில சேராதுன்னு சொன்னீங்களாமே. சேர்ற வேலை எதுவோ அதைப் போய்ப் பாருங்க.”

நாற்பது ஆண்களும் பனியில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டட்டில்தான் முதலில் வழிக்கு வந்தார், பசி தாங்காதவர். கால் மணியில் முடிவாயிற்று. சமைத்த ஒவ்வொரு நாளும் ஒரு ஜோடி எருதுக்குச் சமம். இனி என் முறைதான் அடுத்தது. உறைபனி இருக்கும்போதே, மார்ச் முதல் வாரம்.

ஆகவே உன் எருதும் வேண்டாம், நீயும் வேண்டாம். அங்கேயே புல்லை முறுக்கிக்கொண்டு இரு.

லவீனியா


வில்லோ ஓடை
16 பிப்ரவரி 1875

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

என் பெயர் கெர்ஸ்டி ட்வெய்ட். உங்கள் தம்பியின் பக்கத்து நிலத்துக்காரி. உங்கள் மொழியில் எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் நலமாக இல்லை. ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஈறு வீங்கி இரத்தம் வருகிறது, கால் கறுத்திருக்கிறது. வைத்தியர் இங்கே இல்லை. காய்கறி, இறைச்சி இல்லாததால் வரும் நோய் என்று என் கணவர் சொல்கிறார். அவருடைய ஊரில் கப்பல்காரர்களுக்கு வரும்.

வெட்டுக்கிளி எங்களுக்கு ஒன்றும் மீதி வைக்கவில்லை. சோளம், தோட்டம், வைக்கோல், ஜன்னல் துணிகூட. மாட்டுக்குத் தீனி இல்லை. உங்கள் தம்பியின் எருதுகள் செப்டம்பரில் போய்விட்டன. ஒன்று செத்தது. மற்றதை அவர் வெட்டி எங்கள் எல்லாருக்கும் பங்கு வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அரசாங்கத்திலிருந்து மாவும் பீன்ஸும் வந்தது. ஆளுக்கு அளவு. தன் பங்கை அவர் என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு என் அக்கா அனுப்புகிறாள் என்று சொன்னார். நான் நம்பினேன். அவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்காதது என் தவறு.

மாலையில் உங்கள் கடிதங்களை அவர் எங்களுக்குப் படிப்பார். சாப்பாடு வரும் இடத்தில் மெதுவாகப் படிப்பார். என் பிள்ளைகள் அப்போது வாயை அசைக்கிறார்கள். இப்போது அவர் குரல் வரவில்லை, என் மூத்த பெண் படிக்கிறாள்.

உங்களிடம் சொல்லலாம் என்று நான் சொன்னதற்கு, எருது இல்லாமல் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். எருது இல்லாமல் வரக்கூடாதா? உங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது.

உங்கள் உடல்நலத்துக்கு வேண்டுகிறேன்.

கெர்ஸ்டி ட்வெய்ட்


க்ளாரிபெல் ரயில் நிலையம், அயோவா
2 மார்ச் 1875

ஆரின்,

டட்டில் கடையிலிருந்து கடன் வாங்கிய காகிதத்தில், நிலைய மேஜையில் வைத்து எழுதுகிறேன். பிப்ரவரியில் நான் எழுதிய கடிதம் வந்திருந்தால் அதை அடுப்பில் போடு. அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு இப்போது சொந்தமில்லை.

இன்று காலை என் வீட்டுக்கு முறை. பதினெட்டு ஜோடி எருது. விடிந்ததும் பூட்டினார்கள். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். தரை ஆடியது, தட்டெல்லாம் கலகலத்தது, ஜன்னல் வழியே மரங்கள் பின்னால் போயின. ஐந்து மாதம் இதற்காகத்தானே சண்டை போட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு எழுதிக் கடுப்பேற்ற வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம், ஒன்றரை மைலில் சரிபாதி வந்திருக்கும்போது, டட்டில் எதிரே நடந்து வந்து நேற்று வந்த தபால் என்று கெர்ஸ்டியின் கடிதத்தைக் கொடுத்தார். நின்றுகொண்டிருந்த இடத்திலேயே வாசித்தேன். அடுப்பில் மூன்று அண்டா பீன்ஸ், இரண்டு பன்றித் தொடை, கோழிகள், பதினாறு ஆப்பிள் பை. நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. அதைப் பார்த்தேன், கடிதத்தைப் பார்த்தேன். எவ்வளவு எழுதியிருக்கிறேன் நான் உனக்கு! பாவி, ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். நீயும் கேட்டுக் கேட்டு வாங்கினாய்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நலம், நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாயே, உன் கை கூசவில்லையா? எருது இல்லை என்று ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆள் இரண்டு நாள் உழைத்தால் ஒரு ஜோடி எருதுக்குச் சமம் என்பதுதான் இங்கே முதல் நாளிலிருந்து கணக்கு. நீ வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருந்தால் போதும். அதை நான் எழுதவில்லை. எல்லாக் கடிதத்திலும் எருது, எருது என்று எழுதினேன். நீ வா என்று தனியாக ஒரு முறை எழுதியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அது என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

ரயில் நாலு மணிக்கு. இதை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து. அடலினைக் கூப்பிட்டேன். கடிதத்தை வாசித்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, டட்டிலின் சறுக்குவண்டியை வாசலுக்கு வரச் சொன்னாள். கோழியும் குழம்பும் வழியில் கெடும் என்று பார்க்காதே, ராத்திரிக் குளிரில் எல்லாம் கல்லாக உறைந்துவிடும் என்றாள். பீன்ஸை அண்டாவோடு ஏற்றினோம். பன்றித் தொடை, ரொட்டி, பை, என் நிலவறையிலிருந்து முன்பே எடுத்து வீட்டுக்குள் வைத்திருந்த உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு பீப்பாய் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ். உன் ஈறுக்கு அந்த முட்டைக்கோஸ்தான் மருந்து என்று கிலெட்டின் மனைவி சத்தியம் செய்கிறாள். அவளுடைய அண்ணன் கப்பலில் போனவன்.

வெளியே நாற்பது பேரும் கை கழுவிவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அவர்கள் சாப்பாடு வண்டியில் ஏறுகிறது. ஹபர்ட் ஓடிவந்து சறுக்குவண்டிக்கு முன்னால் நின்றார்.

“சாப்பாடு எங்கம்மா போகுது?”

“முறை வந்தவனுக்குப் போகுது” என்றேன்.

உறைபனி இளகப்போகிறது, இன்றைக்கு இழுக்காவிட்டால் வீடு இந்த இடத்திலேயே சேற்றில் புதைந்துவிடும், மனை போய்விடும் என்றார். அவர் சொன்னது சரிதான். காலையிலிருந்தே கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. பசித்த நாற்பது பேர் இனி எதையும் இழுக்கப்போவதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது எருதுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீடு நடுத்தெருவில், இரண்டு ஊருக்கும் நடுவே, புகைபோக்கியில் புகையோடு நிற்கிறது. ஆலைக்குப் போகிறவன் இனி அதைச் சுற்றிக்கொண்டு சேற்றில்தான் போக வேண்டும். சுற்றட்டும். டுபுக் தொப்பிக்காரி அந்த மனையில் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே ரயிலில்தான் வருகிறோம். உன் பக்கத்து நிலையத்தில் தபால்காரன் குதிரையில் ஏறிப் போய்விடுவான். நான் இந்த அண்டாக்களோடு வண்டி தேட வேண்டும். அதனால் இது எனக்கு முன்னால் வரும். கெர்ஸ்டியின் பெண்ணைப் படிக்கச் சொல்.

நான் வந்ததும் எல்லாரும் ஒரேயடியாகப் பாயக்கூடாது. மாதக் கணக்காகக் காய்ந்த வயிறு தாங்காது. முதலில் கரண்டியால் குழம்பு, அப்புறம் முட்டைக்கோஸ், இரண்டு நாள் கழித்துத்தான் பை. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை, அழுவார்கள்.

நீ எழுந்து வாசலுக்கு வராதே. படுத்திரு. நான் வரும்வரை இருந்தால் போதும் எனக்கு, வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா
லவீனியா